இடக்கையில் என்ன?

"டீச்சர், இந்த அம்மாவுக்கு யாரும் சேலை உடுத்திவிட மாட்டீங்களா?"

தாராவிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து மியூசியம் பார்க்க வந்த ஒரு சிறுமி, பல வருஷங்களுக்கு முன் இப்படிக் கேட்டாள். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது முழங்கால் உயரத்து வெண்கலப் பார்வதி. கூட வந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஆசிரியை அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். சிலைகளைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்த பாகீரதிக்கும் சிரிப்பு வந்தது.

"சேலை கட்டினா சிற்பத்தோட அழகு தெரியாதே, கண்ணு."

"எங்க கோயில்ல கட்டித்தான இருக்கு? அங்க அழகாத்தான இருக்கு?"

பாகீரதி பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையாக பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் கேட்கவில்லை.

கேள்வி மட்டும் பாகீரதியோடு மாட்டுங்காவுக்கு வந்து வீட்டிலேயே தங்கிவிட்டது. கோயிலில் இருக்கிறவரை பட்டும் பூவும் சார்த்திக்கொள்ளும் தெய்வம், மியூசியத்துக்கு வந்ததும் ஏன் கலைப்பொருளாகிவிடுகிறது? இதை வைத்து அவள் முதலில் ஒரு கட்டுரை எழுதினாள். கட்டுரை புத்தகமாயிற்று, புத்தகம் விருது வாங்கிக் கொடுத்தது. கலை வரலாறு படிக்கிறவர்களுக்கு அவள் பெயர் தெரிந்தது அதன் பிறகுதான். எந்த ஊரில் பேசினாலும், "தாராவியில் இருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு ஒருநாள் என்னைக் கேட்டாள்" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

இப்போது பாகீரதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மியூசியத்தில் ஏதாவது சிலையை இடம் மாற்ற வேண்டுமென்றால் மட்டும் கூப்பிடுவார்கள். அந்தப் பழைய புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அதில்தான் ஒரு வம்பு.

தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் வைத்துக் கும்பிடும் சந்தனமாரி அம்மனைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த பழைய கல் சிலை. "அம்மனின் இடக்கையில் கிண்ணம் இருக்கிறது" என்று பாகீரதி எழுதியிருந்தாள். யாரோ எடுத்த மங்கலான புகைப்படம் ஒன்றைப் பார்த்து எழுதியது. கண்ணால் பார்க்காத எதையும் எழுதக் கூடாது என்று மாணவர்களிடம் சத்தியம் வாங்குகிற பாகீரதி, சத்தியத்தை மீறிய இடம் அது ஒன்றுதான்.

அதை அவளுடைய பழைய மாணவன் மகாதேவன் பிடித்துக்கொண்டான். அவன் இப்போது புனேயில் பேராசிரியர். "என் ஆசிரியர் சேலை மடிப்பைக் கிண்ணம் என்று எண்ணிவிட்டார். அது மணி" என்று ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு, அன்று மாலையே போன் செய்து நமஸ்காரமும் சொன்னான்.

"மேடம், கோபமில்லையே?"

"கோபம் என்ன கோபம்? நீ பார்த்தியா அந்தக் கையை?"

"பார்க்கலை மேடம். நீங்களும்தான் பார்க்கலை."

"நான் பார்த்துட்டு வந்து உன் வாயை அடைக்கறேன், இரு."

"போட்டோ அனுப்புங்க மேடம். கிண்ணமா இருந்தா, என் அடுத்த புக்ல உங்ககிட்ட மன்னிப்பு கேட்டு ஒரு முழுப் பக்கம் எழுதறேன். மணியா இருந்தா நீங்க எழுதணும்."

"சரி" என்று சொல்லிவிட்டாள். தோற்பது அவளுக்குப் பழக்கமில்லை. மாணவனிடம் தோற்பது சுத்தமாகப் பழக்கமில்லை.

மாட்டுங்காவிலிருந்து தாராவி பக்கம். பக்கமாக இருப்பதாலேயே டாக்ஸிக்காரர்கள் வர மறுப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டு பேரிடம் திட்டு வாங்கி மூன்றாவது டாக்ஸியில் போய் இறங்கினாள். சந்துக்குள் சந்து திரும்பி, தோல் பை தைக்கும் பட்டறைக்கும் இட்லிக் கடைக்கும் நடுவில் கோயில். ஒரே அறை. உள்ளே அம்மன் கழுத்திலிருந்து பாதம் வரை சேலைக்குள் உட்கார்ந்திருந்தாள். இடக்கையில் வெள்ளிக் கிண்ணம்.

பாகீரதிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பூசாரி செல்வம் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். காலையிலும் மாலையிலும் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பூசை வைப்பார்.

"கிண்ணம் அழகா இருக்கு" என்றாள் பாகீரதி.

"அது கோலிவாடா பார்ட்டி ஒருத்தரு நேந்து வாங்கிப் போட்டது அம்மா. நாமதான் வைக்கோம்."

"அப்படின்னா, கல்லிலே என்ன இருக்கு?"

செல்வம் அம்மனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "கல்லுல கைதான் இருக்கும்."

"கையிலே?"

"அது அம்மனுக்குத்தான் தெரியும்."

தான் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று பாகீரதி விளக்கினாள். அலங்காரம் இல்லாமல் ஒருமுறை பார்த்தால் போதும் என்றாள். செல்வம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"புத்தகம் எழுதுத அம்மா நம்ம கோயிலத் தேடி வந்திருக்கீக. அம்மனை வெறுமனே காட்டுனா எங்களுக்கு மரியாதையா? அடுத்த வெள்ளிக்கெழம வாங்க. ஏக்தம் ஸ்பெஷலாப் பண்ணிருதோம்."

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்கு வெண்ணெய்க் காப்பு. மூக்கும் கண்ணும் தவிர அம்மன் முழுக்க வெண்ணெய். இடக்கையில் ஒரு பச்சைக் கிளி. புரபசர் அம்மா வருகிறாள் என்று சந்து முழுக்க வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் காபி கொண்டுவந்து நீட்டினார்கள். பாகீரதி இரண்டு குடித்தாள், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கிளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த வாரம் வளையல் அலங்காரம். சந்துப் பெண்கள் அத்தனை பேரும் கண்ணாடி வளையல் கொடுத்திருந்தார்கள். வளையலுக்குப் பின்னால் அம்மன் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். இடக்கையில் இப்போது ஒரு தவழும் கிருஷ்ணன் பொம்மை.

அன்பாக உதவி செய்கிறவர்களுக்குத் தாங்கள் கொடுக்கும் தொந்தரவு தெரிவதே இல்லை. கடவுள் அதையும் உதவியாகவே ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் நம்ப வேண்டும்.

வீட்டில் கணவர் பஞ்சாபகேசன் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு முழுநேர வேலை, மனைவியைக் கேலி செய்வது.

"அடுத்த வாரம் மொபைல் வச்சுண்டு நிப்பா பாரு. நேரே அவகிட்டயே கேட்டுடலாம்."

"ஏன்னா, நான் இங்கே மானம் போறதேன்னு தவிக்கறேன். உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"நீ அபிஷேகத்தப்போ போய்ப் பாக்கப்படாதோ?"

"போனேனே. அப்பவும் மேலே ஒரு மஞ்சள் சேலை. சேலை மாத்தறச்சே திரை போட்டுடறா."

"சமர்த்து அம்மன். உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அன்று மாலையே மகாதேவன் போன் செய்தான். "மேடம், பார்த்தாச்சா?"

"பார்த்துண்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பதிப்பாளர் வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டுப் போனால்தானே உபசாரம்? சொல்லாமல் போனால்? இந்த யோசனை தோன்றியதும் பாகீரதிக்குத் திருட்டுத்தனமான சந்தோஷம் வந்தது. வெள்ளியும் செவ்வாயும் இல்லாத ஒரு புதன்கிழமை மத்தியானம், சந்து அசந்து கிடக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினாள்.

கோயில் கதவு திறந்திருந்தது. ஆனால் அம்மனுக்கு முன்னால் திரை தொங்கியது. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

"செல்வமா?"

திரை விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது. செல்வத்தின் மனைவி மாரீஸ்வரி. வாயில் நாலைந்து ஊசிகளைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாகீரதியைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்தாள்.

"அவரு கல்யாண் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டாரு. லோக்கல் ரயில் நின்னுபோச்சாம். செம்பூர் நயினார் இப்பம் வந்திருவாரு. நேத்தைய அலங்காரத்தக் கலைச்சுட்டேன், ஒத்தக் கையால என்னால கட்ட முடியல." அவள் ஒரு நிமிஷம் பாகீரதியை ஏற இறங்கப் பார்த்தாள். "கால கழுவிட்டு உள்ள வாங்க. சேலையப் பிடிங்க."

பாகீரதி கைப்பையைத் தரையில் வைத்தாள். காலைக் கழுவிக்கொண்டு திரைக்குள் நுழைந்தாள்.

அம்மன் வெறும் கல்லாக உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் மின்னும் கறுப்புக் கல். பாகீரதி எத்தனையோ சிலைகளைப் பார்த்தவள், அவளே ஒரு கணம் மூச்சுவிட மறந்தாள். வலக்கையில் சூலம். முகத்தில், குழந்தை செய்த குறும்பைக் கண்டும் காணாமல் இருக்கிற தாயின் சிரிப்பு.

இடக்கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது.

கிண்ணமும் இல்லை, மணியும் இல்லை. கையே இல்லை.

"பாத்துட்டீகளா?" என்றாள் மாரீஸ்வரி. குரலில் பயம் இல்லை. ஆனால் சேலையைப் பிரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. "ஊர்லேந்து எங்க மாமனாரு சாக்குல சுத்தி ரயில்ல கொண்டாந்தாரு. கல்யாண்ல இறக்கும்போது கூலி கைதவறிப் போட்டுட்டான். ஒடஞ்ச சாமிய வைக்கக் கூடாது, கடல்ல போட்டுருன்னு எல்லாரும் சொன்னாக. அவரு கேக்கல. 'கை ஒடிஞ்சா பெத்த தாய வீட்ட விட்டு அனுப்புவியா'ன்னு கேட்டாராம். அன்னைலேந்து சந்தனத்துல கை செஞ்சு வைக்கோம். ஏதாவது கையில குடுத்துட்டா யாரும் உத்துப் பாக்க மாட்டாக."

"நயினார் எதுக்கு வரார்?"

"பெரிய மனுசரு. ரெண்டு ஹோட்டல் வச்சிருக்காரு. ஜெய்ப்பூர் பளிங்குல புது அம்மன் வாங்கித் தாரேன்னு நிக்காரு. நல்லெண்ணந்தான். ஆனா யாரோ அவரு காதுல போட்டுட்டாங்க, இந்தச் சிலை பின்னமாயிருக்குன்னு. பின்னமான சிலையக் கும்பிடப்படாதே. உண்மைன்னு தெரிஞ்சா இவளக் கொண்டுபோய் கடல்ல இறக்கிருவாங்க."

அதற்குள் வெளியே கார் ஹாரன் கேட்டது. சந்துக்குள் கார் வராது. ஆனாலும் நயினார் முனையில் நிறுத்தி ஹாரன் அடிக்காமல் இறங்க மாட்டார்.

இரண்டு பெண்களும் அவசரமாக வேலையில் இறங்கினார்கள். மாரீஸ்வரி சந்தனத்தை உருட்டி, உடைந்த மணிக்கட்டில் ஒரு கை செய்து வைத்தாள். பாகீரதி சேலையின் ஒரு முனையைப் பிடித்தாள். மாரீஸ்வரி விரலால் மடிக்க மடிக்க, கொசுவம் வரிசையாக வந்து விழுந்தது. "இங்க அழுத்திப் பிடிங்க. இடுப்புக்குக் கீழ சொருகணும், மேல சொருகுனா அம்மா குண்டாத் தெரிவா" என்று மாரீஸ்வரி காதோரம் சொன்னாள். பாகீரதிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது.

"மாரீஸ்வரி! உள்ள யாரு?" நயினாரின் குரல் கணீரென்று கேட்டது.

"புத்தகம் எழுதுத புரபசர் அம்மா இருக்காக. சிலை ஆராய்ச்சி பண்ணுதாக."

மாரீஸ்வரி கடைசி ஊசியைக் குத்திவிட்டுத் திரையை விலக்கினாள். அம்மன் அரக்குச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சந்தனக் கை மூடியிருந்தது. அவசரத்தில் அதில் எதுவும் வைக்க முடியவில்லை.

நயினார் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பாகீரதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லதாப் போச்சு. படிச்சவங்க நீங்களே சொல்லிருங்கம்மா. நான் யாரையும் நம்பல. இந்தச் சிலைல குறை இருக்கா, இல்லையா? அம்மன் இடக்கையில என்ன இருக்கு? ஒருத்தன் கிண்ணம்ங்கான், ஒருத்தன் கிளிங்கான்."

பாகீரதி வாயைத் திறந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொன்னால் அம்மன் கடலில். கிண்ணம் என்று சொன்னால் நயினார் திருப்தியாகப் போவார், அவளுடைய புத்தகமும் பிழைக்கும், மகாதேவன் ஒரு முழுப் பக்கம் மன்னிப்பு எழுதுவான். ஒரு சொல்தான். அம்மன் முகத்தில் அதே சிரிப்பு இருந்தது.

"நயினார் சார்" என்றாள் பாகீரதி. "என் வாழ்நாள் பூரா சிலைதான் பார்த்திருக்கேன். இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இதிலே குறைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா ஒண்ணு. இந்த அம்மா இடக்கையிலே என்ன வச்சிருந்தான்னு கிட்டப்போய்ப் பார்த்தும் என்னாலே சொல்ல முடியலை. யாராலேயும் சொல்ல முடியாது."

அத்தனையும் உண்மை.

நயினாரின் கண்கள் விரிந்தன. "யாராலயும் முடியாதா?"

"முடியாது."

"உங்களாலயே முடியலையா?"

"என்னாலேயே முடியலை."

நயினார் மெல்ல அம்மன் பக்கம் திரும்பினார். மூடியிருந்த சந்தனக் கையைப் பார்த்தார். அவருக்கு மயிர் கூச்செறிந்தது முழங்கையிலேயே தெரிந்தது.

"இவ்வளவு படிச்சவங்களுக்கே காட்ட மாட்டேங்கா பாரு!" என்றார். "அம்மா, தாயே, தெரியாமப் பேசிட்டேன். உனக்குப் பதிலா இன்னொருத்தியக் கொண்டாரப் பாத்தேனே!" அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்ததும், பளிங்குக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, அதைச் சிலையாக்காமல் கோயில் தரையில் பதித்துவிடலாம் என்றார். கிண்ணம், கிளி எல்லாம் இனிமேல் வேண்டாம், கை இப்படி மூடியே இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் ஹாரன் ஓய்ந்ததும் மாரீஸ்வரி கோயில் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாகீரதியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் நினைவு வந்தது, இரண்டாம் பதிப்பு.

"நான் கிண்ணம்னு எழுதியிருக்கேன், மாரீஸ்வரி. இனி எழுத முடியாது. கை இல்லைன்னும் எழுத மாட்டேன். என்னோட ஸ்டூடண்ட் ஒருத்தன் என்னைக் கேலி பண்ணியே கொன்னுடுவான்."

"பண்ணட்டும். நாங்களும்தான் உங்களக் கேலி பண்ணுனோம்."

"எப்போ?"

மாரீஸ்வரி பட்டறைப் பக்கம் திரும்பி, "ஏட்டி ஷாலினி! அந்த வீடியோவக் கொண்டா" என்று குரல் கொடுத்தாள். காலேஜில் படிக்கும் அவள் மகள் காதிலிருந்த ஒயரைக் கழற்றிக்கொண்டே வந்து போனை நீட்டினாள். திரையில் பாகீரதி மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். "தாராவியில் இருந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு ஒருநாள் என்னைக் கேட்டாள்..." கைதட்டல்.

"ஆன்ட்டி, வோ சோட்டி லட்கி மேரி மம்மி ஹை. அந்தச் சின்னப் பொண்ணு எங்க அம்மாதான்" என்றாள் ஷாலினி.

பாகீரதி போனைப் பார்த்தாள். மாரீஸ்வரியைப் பார்த்தாள். ஊசிகளைக் கடித்துக் கடித்துத் தடித்த உதடுகள், நெற்றியில் வியர்வையில் கரைந்த குங்குமம். அந்தச் சிறுமியின் முகம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

"முத நாளே உங்களத் தெரிஞ்சிட்டு" என்றாள் மாரீஸ்வரி. "சேலை கட்டுனா அழகு தெரியாதுன்னு சொன்னீகல்லா? சரி, பாப்போம்னுதான் வாராவாரம் ஒண்ணு மாத்தி மாத்தி வச்சேன். கிளி இவ யோசனை."

"கிருஷ்ணனும் என்னுதுதான்" என்றாள் ஷாலினி.

பாகீரதி வீடியோவை நிறுத்தினாள். பிறகு, "இந்தப் பதிப்பிலே உன் பேரைப் போடறேன். முதல் பக்கத்திலேயே. இத்தனை வருஷம் போட்டிருக்கணும்" என்றாள்.

"போடுங்க, ஷாலினி பிரண்ட்ஸுக்குக் காட்டுவா. எனக்குத் தமிழ் வாசிக்கவே தட்டுத்தடுமாறித்தான் வரும், இங்கிலீஷ் புத்தகத்த நான் எங்க படிக்க?" மாரீஸ்வரி எழுந்து சிந்திய சந்தனத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, சாதாரணமாக, வெங்காய விலை விசாரிப்பதுபோல் கேட்டாள். "அந்த அம்மாவுக்கு இப்பமாவது யாரும் சேல கட்டிவிட்டாகளா?"

இரண்டாம் பதிப்பில் பாகீரதி அந்த வரியைத் திருத்தினாள். "இடக்கையில் என்ன இருந்தது என்று சொல்ல இயலவில்லை. முன்பு கிண்ணம் என்று எழுதியது தவறு." முதல் பக்கத்தில், 'இந்தப் புத்தகத்தின் கேள்வியைக் கேட்ட மாரீஸ்வரிக்கு' என்று போட்டாள்.

மகாதேவன் போன் செய்தான். "மேடம், கிண்ணம் இல்லைன்னா மணிதானே?"

"மணின்னு நான் எங்கேப்பா எழுதியிருக்கேன்?"

"என்னதான் இருந்தது மேடம்? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"நீயே போய்ப் பாரு. வெள்ளிக்கிழமை போ. சொல்லிட்டுப் போ. பிரமாதமா உபசாரம் பண்ணுவா."

பஞ்சாபகேசன் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து மியூசியத்தில் வெண்கலக் கூடத்தை ரிப்பேருக்காக மூடினார்கள். சிலைகளை மெல்லிய மல் துணியில் சுற்றி, உள்ளறை அலமாரிகளில் வைக்க வேண்டும். பாகீரதியை மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போனதும், மேஜையில் கடைசியாக மிஞ்சியிருந்தது அந்தப் பார்வதி.

பாகீரதி கையுறைகளைச் சரிசெய்துகொண்டாள். துணியை உருளையாகச் சுற்றி நாடாவால் கட்டுவதுதான் அங்கே வழக்கம். அவள் துணியின் ஒரு முனையைப் பிரித்து மேஜைமேல் நீவினாள். விரலால் மடிக்கத் தொடங்கினாள். முதல் தடவை கொசுவம் நழுவி விழுந்தது. பொறுமையாக மறுபடி மடித்தாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து மெதுவாகச் சொருகினாள். மிச்சத் துணியைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் முந்தானையாக விட்டாள். ஊசி குத்த விதி இல்லை, நாடாவால் கட்டினாள். முடிச்சு பின்பக்கம் போகும்படி பார்த்துக்கொண்டாள்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

சிலையின் எண் எழுதிய அட்டையை நாடாவில் கோத்தாள். இரண்டு கைகளாலும் தூக்கி அலமாரியின் உள்தட்டில் நிறுத்தினாள். கன்னத்தில் லேசாகப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாள். பிறகு கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.